கதவு எண் இல்லாத நோயாளி

பங்குத் திருவிழா நெருங்கினால் நம் ஆலய வளாகங்களில் இலவச மருத்துவ முகாம் நடைபெறுவது வழக்கமாகிவிட்டது. பந்தல் எழும்புகிறது, பதாகை கட்டப்படுகிறது, குத்துவிளக்கு ஏற்றப்படுகிறது. வரிசையில் நிற்போருக்கு இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், ஐந்து நாளைக்கு மாத்திரை தருகிறார்கள். மாலையில் பந்தலைப் பிரித்து, பயனடைந்தோர் எண்ணிக்கையை அறிக்கையில் எழுதி, மறுமாதம் புகைப்படத்தோடு வெளியிடுகிறோம். மாத்திரை தீர்ந்த ஆறாம் நாள் அந்த நோயாளி எங்கே இருக்கிறார் என்று நாம் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லாத வகையில்தான் முகாம் என்னும் ஏற்பாடே அமைந்திருக்கிறது என்று சொன்னால் சிலர் சினம் கொள்ளக்கூடும். கொள்ளட்டும்.

வீடும் உறவும் உள்ளவருக்கு முகாம் ஓர் எச்சரிக்கை மணி. மணியோசை கேட்டு அவர் மருத்துவமனைக்குப் போவார். மகனோ மகளோ அழைத்துச் செல்வார்கள். நடைபாதையிலும் மேம்பாலத்தின் கீழும் தொடர்வண்டி நிலையத்தின் ஓரத்திலும் இரவைக் கழிப்பவருக்கு அது என்ன செய்கிறது? நோயின் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. பெயர் தெரியாத நோயோடு வாழ்ந்தவர் இனிப் பெயர் தெரிந்த நோயோடு வாழ்கிறார்.

தெருவில் வாழும் ஒருவருக்கு மருந்துச் சீட்டு எவ்வளவு பயனற்றது என்பதை அருகே இருந்து பார்த்தவரே அறிவர். இரத்த அழுத்தத்திற்கு மருத்துவர் எழுதும் மாத்திரைகளில் சில, சிறுநீரை மிகுதியாக வெளியேற்றுபவை. கழிப்பறையே இல்லாத பெண் அதை எப்படி உட்கொள்வாள்? இருட்டும்வரை ஒதுங்க இடமில்லை என்பதால் பகலெல்லாம் தண்ணீரே குடிக்காமல் நாவறண்டு இருப்பவள் அவள். மாத்திரையை அவள் ஓரமாகப் போட்டுவிடுவது அறியாமையா, அறிவா? சர்க்கரைக்குத் தரும் மாத்திரைகளில் சில உணவோடு சேர்ந்தே உடலுக்குள் போக வேண்டியவை; விழுங்கிவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் அதற்கு மேலும் வரும். அடுத்த வேளைச் சோறு எப்போது என்று அறியாதவருக்கு ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று எழுதிக் கொடுப்பதை மருத்துவம் என்று எப்படிச் சொல்வது? இன்சுலின் போட வேண்டுமென்றால் அதை வெயில் தாக்காமல் வைக்கக் குளிர்ச்சியான இடம் வேண்டும். ஈர மணலிட்ட மண்பானைக்குள் சிறுபானை வைத்துக் காக்கலாம் என்று செவிலியர்கள் சொல்லித் தருவதுண்டு. ஆனால் பானையை வைக்கவும் ஒரு மூலை வேண்டுமே! சொறி சிரங்குக்கு மருந்து பூசினால் உடுத்திய துணியைக் கழற்றித் துவைத்துக் காயவைக்க வேண்டும். அருகே படுப்போர் அனைவருக்கும் அதே நாளில் பூச வேண்டும். மாற்றுத் துணி இல்லாதவர் எதை உடுத்திக்கொண்டு எதைத் துவைப்பார்?

மருத்துவர் எழுதியதற்கும் நோயாளியால் செய்ய இயன்றதற்கும் நடுவே இப்படி ஒரு பள்ளம் கிடக்கிறது. அதை நிரப்புவது செவிலியரின் கலை. எந்த மாத்திரை இந்தத் தெருவில் ஒத்துவரும், எந்த வேளையில் இவருக்குச் சோறு கிடைக்கிறது, காலில் உள்ள கொப்புளம் நேற்றைவிடச் சிவந்திருக்கிறதா என்பதெல்லாம் மீண்டும் மீண்டும் வருபவருக்கே தெரியும். நாளை மறுநாள் கட்டு மாற்ற வேண்டிய புண்ணுக்கு அடுத்த ஆண்டு வரும் முகாம் எதற்கு?

இது அரசின் கடமை அல்லவா என்று கேட்போர் உண்டு. ஆம், அரசின் கடமைதான். அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பதும் பொய். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் தன்னார்வப் பெண்களும் செவிலியர்களும் இயன்முறை மருத்துவர்களும் வீடுதேடிச் செல்கிறார்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரைகளை வாசலிலேயே கொடுக்கிறார்கள். மெச்சத்தக்க பணி; முகாமைவிடப் பன்மடங்கு மேலானது. ஆயினும் வாசலுக்கு வரும் மருத்துவம் வாசல் இல்லாதவரை எப்படிக் கண்டுபிடிக்கும்? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் வீடற்றோர் 17 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் என்றது. ஓரிரவில் எண்ணி முடிக்க முயன்ற எண்ணிக்கை அது. எண்ண வருவோரைக் கண்டதும் காவலர் என்றெண்ணி எழுந்து போனவர்கள் அதில் இல்லை. ஒரு இலட்சம் மக்களுக்கு ஓர் இரவுபகல் காப்பகம் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் வலியுறுத்தியது. காப்பகங்கள் சில எழுந்தன. அங்கும் பாயும் கூரையும் உண்டு; புண்ணைக் கழுவிக் கட்டும் கை எப்போதும் உண்டென்று சொல்ல முடியாது.

அரசு மருத்துவமனைக்குப் போனாலோ முதற் கேள்வி, ‘கூட யார் வந்திருக்கிறார்கள்?’ என்பது. யாருமில்லாததே அவருடைய நோயின் பாதி என்பதைச் சேர்க்கைச் சீட்டு எழுதுபவரிடம் எப்படிச் சொல்வது? காசநோயாளிக்குச் சத்துணவுக்கென மைய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் தருகிறது. பணம் வங்கிக் கணக்குக்கு வரும். அதற்கும் கணக்கு வேண்டும், அடையாள அட்டை வேண்டும், அட்டைக்கு முகவரி வேண்டும். இருமிக்கொண்டு நடைபாதையில் கிடப்பவர் இத்தனை படிகளையும் தாமாக ஏறிவிடுவார் என்று நம்புவதற்கு நாம் யார்?

இன்னொரு குரலும் எழும். நம் பங்குப் பேரவைகளிலேயே கேட்ட குரல்தான். ‘அவர்கள் குடிப்பார்கள், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள், கொடுத்த போர்வையை விற்றுவிடுவார்கள்’ என்பது அது. ஏழையின் ஒழுக்கத்தை நோய்க்குக் காரணமாக்கும் இந்தப் பேச்சுக்குச் சென்னை மாநகரமே அறிவியல் மறுப்பு எழுதியிருக்கிறது. 1956இல் சேத்துப்பட்டில் நிறுவப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நகரின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை நல்லுணவும் ஓய்வும் செவிலியரும் உள்ள சானடோரியத்தில் வைத்தும், மறு பகுதியினரை அவர்களுடைய நெரிசலான குடியிருப்புகளிலேயே விட்டும் ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவு வெளிவந்தபோது உலகமே வியந்தது. அரை வயிற்றோடு வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கும் நோய் மிகுதியாகப் பரவவில்லை. காரணம் மருந்து மட்டுமா? மையத்தின் பணியாளர்கள் அந்தக் குடிசைகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள். வராதவரைத் தேடிப் போனார்கள். தேடி வர ஆளிருந்தால் ஏழை மருந்தை உட்கொள்வான் என்பதை உலகுக்குக் கற்றுக்கொடுத்த ஊரில் இருந்துகொண்டு, ‘இவர்கள் திருந்த மாட்டார்கள்’ என்று பேசுகிறோம். அந்த நோயாளிகளுக்கு ஒரு குடிசையாவது இருந்தது என்பது உண்மையே. குடிசையும் இல்லாதவரை இன்னும் கூடுதலாகத் தேடிப் போக வேண்டும் என்பதைத்தான் அது காட்டுகிறது.

தேடிப் போவது திருச்சபைக்குப் புதிதா? நல்ல சமாரியர் உவமையை நாம் இரக்கத்தின் கதையாகவே மறையுரைகளில் கேட்கிறோம். லூக்கா எழுதியதைச் செவிலியர் ஒருவரின் கண்கொண்டு படித்தால் வேறொன்று தெரியும். காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார். தம் விலங்கின்மேல் ஏற்றினார். தங்குமிடம் சேர்த்து அன்றிரவு தாமே கவனித்தார். மறுநாள் செலவுக்குப் பணம் கொடுத்தார். திரும்பி வரும்போது மீதியைத் தருவேன் என்றார். திரும்பி வருவேன் என்ற சொல்லை நாம் எளிதில் தாண்டிப் போகிறோம். நான்காம் நூற்றாண்டில் உரோமை நகரில் பபியோலா என்னும் செல்வக் குடும்பத்துப் பெண் மருத்துவ இல்லம் ஒன்றை நிறுவி, தெருக்களில் கிடந்த நோயாளிகளைத் தாமே சுமந்து வந்து, பிறர் பார்க்கவும் அஞ்சிய புண்களைக் கழுவினார் என்று புனித எரோணிமுஸ் எழுதியிருக்கிறார். 1633இல் வின்சென்ட் தே பவுலும் லூயிஸ் தே மரியாக்கும் பிறரன்புப் புதல்வியரைத் தொடங்கியபோது, அவர்களை அடைப்பு மடத்துக் கன்னியராக்காமல் விட்டது ஏன்? மடத்துச் சுவருக்குள் போனால் ஏழை நோயாளியின் வீட்டுக்குப் போக முடியாது என்பதற்காகத்தான்.

அன்னை தெரேசாவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 1948இல் லொரேத்தோ மடத்தை விட்டு வெளியேறியவர் நேராகச் சேரிக்குள் போய்விடவில்லை. பாட்னாவில் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகளின் திருக்குடும்ப மருத்துவமனைக்குப் போய்ச் செவிலியப் பயிற்சி பெற்றார். அன்பு இருந்தால் போதும் என்று அவரே எண்ணவில்லை. ஆயினும் 1994இல் ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் கொல்கத்தா இல்லத்தைப் பார்த்துவிட்டு எழுதியது நம்மில் பலருக்குக் கசந்தது. அங்குள்ள தூய்மையையும் புண்களைப் பேணும் பரிவையும் பாராட்டிய அவர், முறையான நோயறிதலும் வலி நீக்கும் வலுவான மருந்துகளும் இல்லாததைக் குறைகூறினார். அன்னையின் புனிதத்திற்கு அதனால் ஊறு நேர்ந்துவிடவில்லை. 2016இல் புனிதர் பட்டமும் வந்தது. ஆனால் அந்தக் குறையை நாம் பகைவரின் வாக்காகத் தள்ளிவிட்டது சரியன்று. ஏழைக்குப் பரிவு போதும், திறமை பணமுள்ளவனுக்கு என்னும் பாகுபாடு இன்றும் நம் நிறுவனங்களில் இருக்கிறது.

நம் துறவியர் மருத்துவப் பணியில் கால் வைத்ததே ஒரு போராட்டத்தின் பயன். அன்னா தெங்கல் போன்றோர் விடாது முறையிட்டதன் விளைவாக 1936இல்தான் உரோமை, பெண் துறவியர் மருத்துவமும் மகப்பேறும் பார்க்க வழிவிட்டது. குண்டூரில் பணியாற்றிய மருத்துவர் மேரி குளோரி 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒருங்கிணைக்கும் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கத்தின் பெயரில் ‘மருத்துவமனை’ என்றிருந்த சொல் பின்னாளில் ‘நலவாழ்வு’ என்று மாறிற்று. பெயர் மாறியதுபோல் கால்களின் திசையும் மாறிற்றா? மாடிமேல் மாடி எழும்புகிறது. குளிரூட்டிய அறைகள் பெருகுகின்றன. பயிற்சி பெற்ற அருட்சகோதரியர் பலர் கணக்கு மேசையிலும் கொள்முதல் அறையிலும் நிர்வாகத்திலும் அமர்ந்திருக்கிறார்கள். செவிலியர் கல்லூரிகளில் சமுதாய நலச் செவிலியம் பாடமாக இருக்கிறது. மாணவியர் பையோடு வீடு வீடாகப் போகிறார்கள். பையைத் தரையில் வைக்காமல் செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைக்க வேண்டும் என்பது வரை கற்கிறார்கள். பயிற்சிக் காலம் முடிந்ததும் அவர்களும் போய்விடுகிறார்கள். கடனோடு படித்த பெண் வெளிநாடு போவதை நாம் குறை சொல்ல மாட்டோம். ஐம்பது படுக்கைக்கும் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியர் ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று மைய அரசின் வல்லுநர் குழு 2016இல் பரிந்துரைத்தது. அதைத் தராமல் ‘சேவை’ என்று சொல்லிக் காலங்கடத்தும் கத்தோலிக்க நிறுவனம் ஒன்றேனும் இருந்தால், தெருவுக்குச் செவிலியரை அனுப்புவதைப் பற்றிப் பேச அதற்கு உரிமையில்லை.

இயலாத ஒன்றையா கேட்கிறோம்? அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இதைச் செய்து காட்டியவர்களே செவிலியர்கள்தாம். வீடற்றோர் காப்பகம் ஒன்றில் அவர்கள் நடத்திய சிகிச்சைக் கூடத்துக்கு 1985இல் ஜிம் ஓகானல் என்னும் இளம் மருத்துவர் வந்தார். பெயர்பெற்ற மருத்துவமனையில் பயின்றவர். பார்பரா மக்கினிஸ் என்னும் செவிலியர், பிரான்சிஸ்கன் பொதுநிலையினர் சபையைச் சேர்ந்தவர், அவரிடம் சொன்னது இதுதான்: இதயத்துடிப்பு பார்க்கும் கருவியைக் கழற்றி வையுங்கள், முதலில் இவர்களுடைய பாதங்களைக் கழுவுங்கள். மாதக்கணக்கில் மருத்துவர் அதையே செய்தார். வெந்நீர்த் தொட்டியில் கால் நனைத்து உட்கார்ந்திருந்தவர்கள், மருத்துவமனை வாசலையே மிதிக்க மறுத்தவர்கள், மெல்லப் பேசத் தொடங்கினார்கள். நாம் பெரிய வியாழனன்று ஏற்கெனவே கழுவிக்கொண்டு வரும் பன்னிரண்டு பேரின் பாதங்களை மீண்டும் கழுவுகிறோம்.

அந்தச் செவிலியரின் பெயரால் இன்று பாஸ்டனில் ஓர் இல்லம் இருக்கிறது. மருத்துவமனையில் கிடக்கும் அளவுக்கு நோயில்லை, தெருவுக்குத் திரும்பும் அளவுக்கு நலமுமில்லை என்னும் நிலையில் உள்ளவர்கள் குணமாகும்வரை அங்கே தங்குகிறார்கள். நம்மூரில் அறுவைச் சிகிச்சை முடிந்து ‘வீட்டில் ஓய்வெடுங்கள்’ என்ற சீட்டோடு வெளியேறும் வீடற்றவர் அதே நடைபாதைக்குத்தான் திரும்புகிறார். தையல் பிரிக்கும் நாளில் அவரை யாரும் காண்பதில்லை.

நம் மறைமாவட்டங்களில் ஆளில்லாத கன்னியர் மடங்கள் உண்டு. ஆண்டில் சில வாரமே நிறையும் தியான இல்லங்கள் உண்டு. மாணவர் குறைந்துபோன விடுதிகள் உண்டு. அரசு மருத்துவமனைக்கு அருகே உள்ள ஒன்றைப் பத்துப் படுக்கைகளோடு இப்பணிக்குத் திறக்க எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. நம் ஒவ்வொரு மருத்துவமனையும் முழு ஊதியத்தில் இரு செவிலியரை, துறவியரோ பொதுநிலையினரோ, வாரத்தின் எல்லா நாளும் தெருவுக்கென்றே ஒதுக்க வேண்டும். சேர்க்கைச் சீட்டில் ‘உடன் இருப்பவர்’ என்ற இடத்தில் கையொப்பமிட வின்சென்ட் தே பவுல் சபையினர் முன்வர வேண்டும்; வீடு சந்திப்பையே பணியாகக் கொண்ட அவர்களுக்கு நடைபாதைச் சந்திப்பு அந்நியமாகாது. இவ்வாண்டு முகாமுக்கு ஒதுக்கிய தொகையில் பந்தல், பதாகை, நினைவுப் பரிசு, விருந்து ஆகியவற்றுக்கு எவ்வளவு போகிறது என்பதைப் பங்குப் பேரவைகள் அடுத்த கூட்டத்திலேயே கணக்கெடுத்து, அத்தொகைக்கு எத்தனை மாதம் கட்டுத்துணியும் களிம்பும் வாங்கலாம் என்பதையும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும்.