எலிக்கு வரப்பு ஏது?

சமயநல்லூர்ச் சுற்றுவட்டாரத்தில் நெல் கதிர் வாங்கும் பருவத்தில் வரப்பின்மீது நடந்து செல்பவர், பயிர் நன்றாயிருப்பதாகவே எண்ணுவர். ஓரத்துப் பயிர் அசையாமல் நிற்கும். உள்ளே இறங்கிப் பார்த்தால்தான் தெரியும், நடுவயலில் தூர்கள் கத்தியால் சாய்வாக அரிந்தாற்போல் விழுந்து கிடப்பது. குத்தகைக்கு உழுகிறவனுக்கு அந்த நடுவயலே லாபம். மற்றது குத்தகைக்கே சரியாய்ப் போகும்.

இந்த அநியாயத்தைச் செய்வது வீட்டெலியன்று. வரப்புக்குள் வளை தோண்டி வசிக்கும் சிறு பெருச்சாளியே முதற் குற்றவாளி. புல்லெலியும் வயற்சுண்டெலியும் அதற்குத் துணை. அது தின்பது கொஞ்சம், அறுப்பது அதிகம். அதன் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருப்பவை. கடித்துத் தேய்க்காமல் அதனால் இருக்க முடியாது. கதிர் முற்றியதும் நெல்லை வளைக்குள் இழுத்துச் சேமித்து, புது மண்ணால் வாயை அடைத்துவிடும். கர்ப்பம் சுமார் 23 நாள். ஓர் ஈற்றுக்குச் சாதாரணமாக 6 முதல் 8 குட்டிகள். அவை மூன்று மாதத்தில் தாமே ஈனத் தொடங்கும். பயிர் பொதி கட்டிக் கதிர் முற்றும் சமயத்திலேயே இந்தப் பெருக்கமும் உச்சமடைகிறது. நஷ்டத்தைக் கண்ணால் கண்ட பிறகு விஷம் தேடி ஓடுவது, வெள்ளம் புகுந்தபின் கரை கட்டுவதை ஒக்கும்.

அந்த விஷத்தின் யோக்கியதைதான் என்ன? ஜிங்க் பாஸ்பைடை அரைகுறையாகத் தின்று பிழைத்த எலி அதை மறுபடி எளிதில் தீண்டாது. முதலில் சில நாள் விஷமில்லாத தீனியை வைத்துப் பழக்க வேண்டுமென்று நிபுணர்கள் சொல்லுவது இதனாலேயே. அப்படியும் ஒருவன் தன் ஒரு ஏக்கரைச் சுத்தம் செய்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். பெருச்சாளி தனிக்குடித்தனப் பிராணி. பெரும்பாலும் வளைக்கு ஒன்று, தாயானால் குட்டிகளோடு. காலியான இடத்துக்கு அடுத்த வயல் எலி குடிவந்துவிடும். பட்டாவும் சர்வே நம்பரும் மனிதருக்கேயன்றி எலிக்கு இல்லை. தனித்தனியே செலவிட்ட பணம் மருந்துக் கடைக்காரருக்கே லாபம்!

1895இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்தது முதல் மதுரைச் சமவெளியில் அதைப் பங்கிட முறை ஏற்பட்டிருக்கிறது. எலியை ஒழிக்க மட்டும் ஒரு முறை ஏற்படக் கூடாதா? அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையே வயல் வெறுமையாய்க் கிடக்கும்போது, ஆயக்கட்டு முழுவதும் ஒரே வாரத்தில் வளைகளைத் தோண்டி, பருத்த வரப்புகளைச் செதுக்கிச் சிறுக்கி, தஞ்சாவூர் மூங்கிற் கிட்டிகளை வைக்கலாம்.

கூகை அலறினால் சாவு வருமென்று கல்லெறியும் மூடத்தனத்தையும் விட்டொழிக்க வேண்டும். கூலி கேளாமல் இரவெல்லாம் எலி வேட்டையாடும் பறவை அது. இரத்தம் உறையாமற் செய்து கொல்லும் மருந்தைத் தின்ற எலியைப் பிடித்தால் கூகைக்கும் அந்த விஷம் ஏறும். சாரைப்பாம்பை அடிப்பவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

வடக்கே செங்கற்பட்டுப் பக்கத்தில் எலி பிடிப்பதில் தேர்ந்த இருளர்கள் உண்டு. மண்பானையில் தழையை எரித்து, வாயால் ஊதிப் புகையை வளைக்குள் செலுத்துவது அவர்கள் வழக்கம்; உதடும் கையும் வெந்துபோம். கையால் சுழற்றும் விசிறி பொருத்திய எஃகுக் கருவி 2003க்குப் பின் அவர்களிற் பலருக்கு வழங்கப்பட்டது. மருந்துக்குக் கொட்டும் காசில் ஒரு பங்கை இத்தகைய கருவிக்கும், அதை இயக்குகிறவருக்கு நியாயமான கூலிக்கும் நம் ஊர்களில் ஒதுக்கலாம். தண்ணீர் திறக்கும் தேதிக்குப் பதினைந்து நாள் முன்னதாகவே அந்த வாரத்தைக் குறித்துத் தண்டோராப் போடப் பாசன சங்கத்தார் முன்வரட்டும்.