சனிக்கிழமை தீபாவளி

தீபாவளி என்றைக்கு என்று கேட்டால் ஊரில் தினசரிக் காலண்டரைப் பார்த்துச் சொல்வார்கள். ஜெர்மனியில் படிக்கிற தமிழ்ப் பசங்களிடம் கேட்டால், "இரு, சனிக்கிழமை யார் யாருக்கு ஷிஃப்ட் இல்லைன்னு பார்த்துட்டு சொல்றேன்" என்பார்கள். 2021-ல் வியாழன், 2022-ல் திங்கள், 2024-ல் மறுபடி வியாழன், 2025-ல் மறுபடி திங்கள். நரகாசுரனுக்கு செமஸ்டர் அட்டவணை பற்றி எந்த அக்கறையும் இருந்ததாகத் தெரியவில்லை :-) அங்கே குளிர்கால செமஸ்டர் ஆரம்பிப்பதே அக்டோபரில்தான். புதிதாக வந்து இறங்கிய பையனுக்கு வகுப்பு எந்தக் கட்டிடத்தில் என்றே இன்னும் பிடிபட்டிருக்காது. அதற்குள் தீபாவளி வாசலில் வந்து நிற்கும்.

2023-24 குளிர்கால செமஸ்டரில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் 49,000-க்கும் மேல். வெளிநாட்டு மாணவர்களில் சீனர்களை முந்திக்கொண்டு முதலிடம். ஆஹென், ஷெம்னிட்ஸ், மாக்டபுர்க் மாதிரி ஊர்களில் பல்கலைக்கழக பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிஷம் நின்றால் எப்படியும் ஒரு "டேய் மச்சான்" காதில் விழும். ஆக, பண்டிகை கொண்டாட ஆள் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் இந்தத் தேதி விஷயம். திங்கட்கிழமை வர வேண்டிய தீபாவளியை சனிக்கிழமை கொண்டாடினால் ஊரில் இருக்கிற பெரியவர்களுக்குப் பொறுக்காது. "பண்டிகைன்னா அந்த நாள்ல கொண்டாடணும். உன் சௌகரியத்துக்கு நகர்த்த அது என்ன பீரோவா?" என்று பாட்டி கேட்பார். கேள்வி நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் தீபாவளி என்பது சதுர்த்தசி விடியற்காலை எண்ணெய்க் குளியல், வடக்கே அதுவே அமாவாசை சாயங்காலம் லட்சுமி பூஜை. நாலைந்து நாளுக்கு நீட்டிக் கொண்டாடுகிறவர்களும் உண்டு. ஆளுக்கொரு கணக்கு ஏற்கெனவே இருக்கிறபோது, லேப் அசைன்மெண்டை முடித்துவிட்டு சனிக்கிழமை நாலு பேர் சேர்ந்து கொண்டாடுவதில் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஒருத்தன் தனியாக எழுந்து, தனியாகக் குளித்து, தனியாக ஒரு குலாப் ஜாமூனை வாயில் போட்டுக்கொண்டு எட்டு மணி டிராமைப் பிடித்து ஓடினால், அது தேதிப்படி சரியான தீபாவளி. அவ்வளவுதான்.

எப்போதாவது அதிர்ஷ்டமும் அடிக்கும். 2024-ல் தீபாவளி அக்டோபர் 31. அன்றைக்கு சாக்சனி, சாக்சனி-அன்ஹால்ட் மாநிலங்களில் அரசு விடுமுறை. காரணம் தீபாவளி இல்லை, 1517-ல் அதே தேதியில் சர்ச்சை எதிர்த்து மார்ட்டின் லூதர் முன்வைத்த 95 வாசகங்கள். ஷெம்னிட்ஸ் பசங்களுக்கு லூதர் புண்ணியத்தில் லீவு கிடைத்தது. ஆஹெனில் இருந்தவர்களுக்கு அன்று லீவு இல்லை, மறுநாள் நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் திருநாளுக்கு லீவு. அதுவும் எப்படி? "அமைதி விடுமுறை". அன்று பகலில் பொது இடத்தில் ஆட்டம் பாட்டம் கூடாது என்று சட்டம். தலை தீபாவளிக்குப் போன மாப்பிள்ளையை மௌன விரதம் இருக்கச் சொன்ன மாதிரி!

எண்ணெய்க் குளியல் கதை இன்னும் ஜோர். "நல்லெண்ணெய் இங்கே எங்கேடா கிடைக்கும்" என்று தேடி, ஆசியக் கடையில் எள் படம் போட்ட பாட்டிலைப் பார்த்து பூரித்துப் போய் வாங்கி வருவான் ஒருவன். அது வறுத்த எள்ளில் எடுத்த சீன எண்ணெய். நூடுல்ஸில் நாலு சொட்டு விடுவதற்கு உள்ள சரக்கு. அதை உச்சந்தலையில் கால் பாட்டில் தேய்த்துக்கொண்டால் மூன்று நாளைக்குத் தலையிலிருந்து ஃபிரைட் ரைஸ் வாசனைதான். (ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு விடுதியிலும் யாராவது ஒரு புதுப் பையன் இதைச் செய்கிறான். சீனியர்களும் வேண்டுமென்றே சொல்வதில்லை.) அதோடு இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை சத்தம் போடக்கூடாது என்பது அங்கே வேத வாக்கு. விடியற்காலை நாலு மணிக்கு ஷவரைத் திறந்தால் பக்கத்து அறைக்காரன் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போவான்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஊரில் காலை ஐந்து மணி என்றால் அங்கே இரவு ஒன்றரை. கோடைக்கால நேரம் முடிந்திருந்தால் பன்னிரண்டரை. சாமி விளக்கு ஏற்றிய கையோடு வீடியோ கால். "கங்கா ஸ்நானம் ஆச்சாடா?" "ஆச்சும்மா." "புதுத் துணி போட்டுக்கிட்டியா?" "போட்டுக்கிட்டேம்மா." போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு சொல்கிற இந்தப் பொய்க்குக் கணக்கே கிடையாது. அம்மாவும் அதை நம்பிவிடுவதில்லை. பின்னால் இருட்டாக இருப்பது கேமராவில் அவருக்குத் தெரியாதா என்ன? இரண்டு பக்கமும் தெரிந்தே நடக்கிற இந்த நாடகத்தைப் போய் தப்பு என்று யார் சொல்வது?

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். அந்த நாளில் ஒரு மாணவர் விடுதியின் பொது சமையலறையைப் பார்க்க வேண்டுமே! நாலு அடுப்பில் மூன்றுதான் வேலை செய்யும். ஒன்றில் வெண்ணெய் உருகி நெய்யாகிக்கொண்டிருக்கும். கடலை மாவு துருக்கிக் கடையிலிருந்து, முறுக்கு அச்சு யாரோ ஒருவரின் அம்மா பெட்டியில் துணிக்கு நடுவில் சுற்றி வைத்து அனுப்பியது. வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கூட எடுத்துக் குடிக்காத பையன் "மாவு இளகிப் போச்சுடா, கொஞ்சம் அரிசி மாவு போடு" என்று உத்தரவு போடுவான். இட்லி மாவு குளிரில் பொங்காது என்பதால் முந்தின ராத்திரி அவனுக்குள் லைட்டைப் போட்டுத் தூங்க வைத்திருப்பார்கள். அதாவது அவன் என்றால் பேக்கிங் அடுப்பு, மனுஷன் இல்லை. மேலே புகையுணர் கருவி முறைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருத்தனுக்கு ஜன்னலைத் திறந்து வைத்து அட்டையால் விசிறுவதே அன்றைய முழு நேர வேலை. எல்லாவற்றையும் முந்தைய நாளே வாங்கி வைக்க வேண்டும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. 2023-ல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிறு. கொத்தமல்லி மறந்தவன் மறந்தவன்தான்.

வெடி? மூச். டிசம்பர் 31, ஜனவரி 1 தவிர மற்ற நாளில் தனியாள் வெடி வெடிக்கத் தனி அனுமதி வேண்டும். கடையில் விற்பதும் வருஷக் கடைசி மூன்று நாள்தான். கம்பி மத்தாப்புக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. சிவகாசிப் பக்கத்துப் பையன் ஒருவன் வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு, பிறந்தநாள் கேக்கில் செருகுகிற மத்தாப்பைப் பிடித்து நிற்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அவனே டிசம்பர் 31 நடுராத்திரி ஜெர்மன்காரர்கள் தெருவில் நின்று ராக்கெட் விடுவதைப் பார்த்து வாயைப் பிளப்பான்.

இதற்கு நேர் எதிராக இருப்பது ஹால் தீபாவளி. டிக்கெட், மேடை, குத்துவிளக்கு, சினிமாப் பாட்டுக்கு டான்ஸ், பிரியாணிக்கு நீள வரிசை, கடைசியில் பேனர் முன்னால் குரூப் போட்டோ. குழந்தை குட்டியோடு இருக்கிற குடும்பங்களுக்கு அது தேவைதான். அங்கே பிறந்த பிள்ளை பாவாடை சட்டை போட்டுக்கொண்டு ஆட ஒரு மேடை வேண்டும். அதை நடத்துகிறவர்கள் சொந்த வேலையை விட்டு உழைக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் விசாவுக்காக வங்கியில் முடக்கி வைக்கிற பணத்திலிருந்து மாதம் 992 யூரோ எடுத்து, அதில் வாடகை, காப்பீடு எல்லாம் கட்டிவிட்டு மிச்சத்தை எண்ணுகிறவன் டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டு "எனக்கு அன்னிக்கு வேலை இருக்கு" என்று ஒதுங்கிக்கொள்வான். வேலை இருக்காது. சமையலறைத் தீபாவளியில் அந்தத் தொல்லை இல்லை. காசு இல்லாதவன் வெங்காயம் உரித்தால் கணக்கு சரியாகிவிடும்.

கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் போகிற கடை அநேகமாக ஈழத்தமிழர் கடையாக இருக்கும். 1983-க்குப் பிறகு அகதியாக வந்து, மொழி தெரியாமல், கிடைத்த வேலையைச் செய்து கால் ஊன்றியவர்கள். ஹம் நகரத்தில் 2002-ல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோயில் அவர்கள் எழுப்பியதுதான். "தம்பி, இந்தியாவில எவ்விடம்?" என்று கடை அண்ணன் ஆசையாகக் கேட்பார். பசங்களுக்கு மிக்சர் பாக்கெட் விலை தெரிந்தால் போதும், சில்லறையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவர் எப்போது வந்தார், யாரோடு வந்தார், அவர் வீட்டில் தீபாவளி எப்படி என்று ஒருத்தன் கேட்டதில்லை. நவம்பர் மாதம் அவர்களில் பலருக்குக் கொண்டாட்ட மாதமே இல்லை, 27-ஆம் தேதி மாவீரர் நாள். ஹால் கிடைக்கவில்லை என்று தீபாவளியை நவம்பர் கடைசி வரை தள்ளிக்கொண்டே போகிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தச் சிக்கல். அக்டோபரில் முறுக்கு பிழிந்த அந்தக் கூட்டத்தில் நாகர்கோவில் பையன் ஒருவன் இருப்பான். இல்லையென்றால் தூத்துக்குடி, இல்லையென்றால் பாளையங்கோட்டை. பெயர் ஜெபசிங் மாதிரி ஏதோ ஒன்று. எல்லோரையும் விட அதிகமாக வேலை செய்தவன், எண்ணெய்ச் சட்டியை மறுநாள் தேய்த்தவனும் அவனே. அவனுக்குப் பண்டிகை டிசம்பர் 25. ஊரில் அவன் வீட்டு வாசலில் டிசம்பர் முதல் வாரமே பேப்பர் நட்சத்திரம் தொங்கும், ராத்திரியில் பாட்டுக் குழு வீடு வீடாக வரும், விடியற்காலை ஆராதனைக்குப் புதுத் துணி போட்டுக்கொண்டு தெருவே கிளம்பும்.

ஜெர்மனியிலா கிறிஸ்துமஸுக்குப் பஞ்சம், ஊரெல்லாம் விளக்கு, சந்தை, சூடான ஒயின் என்று நினைக்கலாம். சந்தை எல்லாம் பெரும்பாலும் 23-ஆம் தேதியோடு மூட்டை கட்டிவிடும். 24-ஆம் தேதி சாயங்காலம் அங்கே குடும்பத்துக்கான நேரம். மரத்தடியில் பரிசு, உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும், கதவு சாத்தியாகிவிடும். 25, 26 இரண்டு நாளும் கடை கிடையாது. விடுதியில் ஜெர்மன் பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டிருப்பார்கள். முறுக்குக் கூட்டம் எங்கே? பத்து நாள் லீவாச்சே! மலிவு விலை பஸ் டிக்கெட் போட்டு பிராக், பாரிஸ் என்று கிளம்பியிருக்கும். "நீயும் வாடா" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பண்டிகையன்று பஸ்ஸில் போகிறாயா என்று தீபாவளிக்கு அவனைக் கேட்டவர்கள் யாருமில்லை. அவன் மொழி புரியாத சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்த மெட்டு ஏதாவது வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வெறிச்சோடிய விடுதிக்குத் திரும்பி, அம்மாவிடம் "ஃபிரெண்ட்ஸ் கூடத்தான் இருக்கேன்" என்பான். அதுவும் ஒரு பொய்தான். ஆனால் கங்கா ஸ்நானப் பொய் மாதிரி சிரித்துவிட்டுப் போகிற பொய் இல்லை.

கீழக்கரைப் பெண்ணுக்கு நோன்புப் பெருநாளும் இப்படித்தான். 2024-ல் ஏப்ரல் 10, புதன்கிழமை. செமஸ்டர் தொடங்குகிற சமயம். பிரியாணி எப்போ என்று கேட்க மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது. அவள் முப்பது நாளும் தனியாக எழுந்து தனியாக சஹர் சாப்பிட்டது யாருக்கும் தெரியவில்லை.

ஊரில் இது இப்படியா இருந்தது? தீபாவளிப் பலகாரத் தட்டு சுவருக்கு அந்தப் பக்கம் போகும், கிறிஸ்துமஸ் கேக் இந்தப் பக்கம் வரும், நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் வரும். யாரும் பெருமை பேசிக்கொண்டு செய்ததில்லை, வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அம்மாக்கள் பார்த்துக்கொண்டார்கள். அங்கே போனதும் அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற வேலையைப் பசங்கள் மறந்துவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. தீபாவளியை "எல்லோரும் சேர்ந்து" கொண்டாடிவிட்டதால் எல்லோருக்கும் பண்டிகை முடிந்துவிட்டதாக நினைப்பு.

தீபாவளியைச் சனிக்கிழமைக்கு நகர்த்தத் தெரிந்தவர்களுக்கு பிராக் பயணத்தை 26-ஆம் தேதிக்கு நகர்த்துவது பெரிய காரியம் இல்லை. அதே சமையலறைதான், அதே மூன்று அடுப்புதான். நட்சத்திரத்துக்கு அலைய வேண்டாம், கிறிஸ்துமஸ் சந்தையிலேயே பேப்பர் நட்சத்திரம் கிடைக்கும். கோழி மட்டும் கவனம். 24-ஆம் தேதி கடை மதியம் இரண்டு மணிக்கு முன்பே மூடிவிடும், வரிசையும் தாங்காது. 23-ஆம் தேதி சாயங்காலமே வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது நல்லது. வெங்காயத்தை இந்தத் தடவை வேறு யாராவது உரிக்கட்டும்.