எஞ்சிய ஒரு பகல்

கடற்கரை ஊர்களில் விடுமுறையைக் கழித்துவிட்டுத் திரும்புவோரின் பயணத்தில், எவரும் திட்டமிடாத பகல் ஒன்று உண்டு. மாமல்லபுரத்திலோ கோவளத்திலோ புதுச்சேரியிலோ தங்கிய அறையை நண்பகலுக்குள் ஒப்படைத்துவிட வேண்டும். தென்மாவட்டங்களுக்குச் செல்லும் தொடர்வண்டிகளில் பல மாலைக்குப் பிறகே புறப்படுகின்றன. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் செல்லும் வானூர்திகள் பலவும் நள்ளிரவை ஒட்டிக் கிளம்புபவை. இடைப்பட்ட எட்டுப் பத்து மணி நேரம் சென்னையின் கணக்கில் வந்து சேர்கிறது. அந்நேரத்தை எவ்வாறு கழித்தீர்கள் என்று திரும்பியவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் கூறும் விடை ஒன்றே: "தியாகராய நகரில் துணி எடுத்தோம்."

இதனை இகழ்ந்துரைப்பது என் நோக்கமன்று. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ திருமணம் நிச்சயித்திருக்கும் வீட்டார், சென்னை வரை வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் உறவினர் பேசாமல் இருப்பார்களா? கடைவீதிப் பக்கம் இன்னொரு நியாயமும் இருக்கிறது. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் நண்பகலில் நடை சாத்தப்பட்டு மாலையில்தான் திறக்கப்படும். அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்தில் பார்வையாளருக்கு அனுமதி குறிப்பிட்ட சில மணி நேரமே. கடற்கரை மணலோ கால் வைக்க ஒண்ணாதபடி கொதிக்கும். பெட்டியும் குழந்தையுமாக ஒரு குடும்பம் நகருக்குள் நுழையும் அவ்வேளையில், திறந்தும் குளிர்ந்தும் இருப்பவை துணிக்கடைகள் மட்டுமே. தியாகராய நகர் வெல்வதற்குப் பொருளாசையைக் காட்டிலும் கடிகாரமே பெருங்காரணம் என்பது என் கருத்து.

ஆனால் அங்கே செல்வோருள் எத்தனை பேர் தாம் நிற்கும் இடத்தை அறிவர்? புதுச்சேரியிலிருந்து வருவோர் பாண்டி பசார் என்னும் பெயரைக் கேட்டதும் தம் ஊரை நினைத்து மகிழ்கின்றனர். அப்பெயரோ நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரின் நினைவாக வழங்குவது. நகரின் பெயர் அக்கட்சியை நிறுவியோருள் ஒருவரான பிட்டி தியாகராயரைக் குறிக்கும். பூங்காவின் பெயர் 1921 முதல் 1926 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பனகல் அரசரைக் குறிக்கும். 1920களில் நெடிய ஏரியொன்றைத் தூர்த்துத்தான் இக்குடியிருப்பு எழுந்தது. ஏரி மறைந்தது, மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை' என்னும் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. மழைக்காலத்தில் அங்குத் தண்ணீர் தேங்கும்போது மாநகராட்சியை வைகிறோம். தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வருகிறது என்பதை நினைப்பதில்லை. 2019இல் பாண்டி பசாரில் அகன்ற நடைபாதை அமைத்தனர். 2023இல் மாம்பலம் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை ஆகாய நடைமேடை கட்டினர். பெட்டியை இழுத்துச் செல்வோருக்கு இவை பெரும் உதவி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி மயிலைக்கு வருவோம். 9ஆம் நூற்றாண்டில் எழுந்த நந்திக் கலம்பகம், பாட்டுடைத் தலைவனான மூன்றாம் நந்திவர்மனை மல்லைக்கு வேந்தனாகவும் மயிலைக்குக் காவலனாகவும் போற்றுகிறது. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைக் கண்டுவிட்டுச் சென்னைக்கு வருகிறவர் இன்று செல்வது, புலவர் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்ன அவ்விரண்டு கடற்றுறைகளையும் இணைக்கும் வழியேயாகும். மல்லையில் மூன்று நாள் தங்கியவர் மயிலைக்கு மூன்று மணி நேரம் தர மறுப்பது, கலம்பகத்தைப் பாதியிலே மூடி வைப்பதை ஒக்கும். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பூம்பாவையை விளித்துப் பாடிய பதிகம், இவ்வூரின் விழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துரைப்பது. ஐப்பசியும் கார்த்திகையும் தைப்பூசமும் இத்தெருக்களில் எவ்வாறு கொண்டாடப்பட்டன என்பதற்கு அதனினும் பழைய சான்று அரிது. ஆதிக்கோயில் கடலோரத்தில் இருந்தது என்றும் இப்போதுள்ளது பின்னர் உள்நாட்டில் எழுப்பப்பட்டது என்றும் ஆய்வாளர் கருதுவர். அக்கடலோரத்தில் இன்று நிற்பது சாந்தோம் பேராலயம். அதன் இப்போதைய கட்டடம் 1896இல் முடிவுற்றது. லஸ் பகுதியில் போர்த்துக்கீசியர் எழுப்பிய மாதா கோயிலைப் பழைய மக்கள் 'காட்டுக் கோயில்' என்பர். அதனைச் சுற்றிக் காடு இருந்த காலம் ஒன்று உண்டு என்பதை, இன்றைய லஸ் முனையில் வண்டிகளுக்கு இடையே நிற்பவர் நம்புவது கடினம்!

இவை யாவும் ஒரு மாலைப் பொழுதில் நடந்தே காணத்தக்கவை. மாலையில் நடை திறக்கும், மாட வீதிகளில் பூக்கடைகள் களைகட்டும், வெயில் தணிந்திருக்கும். நுழைவுக் கட்டணம் ஏதும் இல்லை. மயிலாப்பூரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு செய்தியை விட்டுவிட மனம் வரவில்லை. இராதாகிருஷ்ணன் சாலையில் உள்ள சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த சிந்தி இந்துத் தொண்டர்கள், ரமலான் மாலைகளில் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலுக்கு உணவு கொண்டு சென்று நோன்பு திறப்போருக்குப் பரிமாறும் வழக்கத்தைப் பல்லாண்டுகளாகக் காத்து வந்துள்ளனர். 1795இல் எழுந்த அப்பள்ளிவாசலுக்கும் மயிலாப்பூருக்கும் இடையே சிறிது தூரமே. நகரைக் காண வருவோர்க்குக் கட்டடங்களை மட்டும் காட்டினால் போதாது என்று நான் கருதுவது இத்தகைய செய்திகளுக்காகவே.

அடையாற்றுக்கு இருப்பது வேறு வகைச் சிறப்பு. பிரம்மஞான சபை தன் தலைமையிடத்தை 1882இல் இங்கே அமைத்தது. அதன் தோட்டத்துப் புகழ்பெற்ற ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் புயற்காற்றில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் வேரூன்றி நிற்கின்றன. எலியட்சு கடற்கரையில் உள்ள வெண்ணிற வளைவு, கடலில் தத்தளித்தோரைக் காக்கப் புகுந்து 1930இல் உயிர்நீத்த டென்மார்க்கு நாட்டு மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னமாகும். அலைகளில் விளையாடிவிட்டு வரும் இளைஞர் ஒரு நிமிடம் நின்று எண்ணத்தக்க இடம் அது. 2015 டிசம்பரில் கரைபுரண்ட அடையாற்றைப் பற்றி இந்நகரத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வந்தவர் அறியவில்லை என்று குறை கூறுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. ஊரிலிருந்து மாமாவும் மாமியும் வந்து, "தம்பி, வண்டிக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறதே, எங்கே போகலாம்?" என்று கேட்டால், சென்னைக் கல்லூரிகளில் பயிலும் நம் மாணவர் எத்தனை பேருக்கு விடை தெரியும்? கடைகளின் பெயரை வரிசையாகச் சொல்வர். கலம்பகத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவரும் மயிலையில் அதனை நினைப்பதில்லை. தமிழ்த்துறை மாணவரும் வரலாற்றுத்துறை மாணவரும் கூடி, விடுமுறைக் காலங்களில் மாட வீதிகளிலிருந்து சாந்தோம் வரை விருந்தினரை அழைத்துச் செல்லும் பணியை மேற்கொள்ளலாம். பாடநூலின் பாதி அவ்வழியிலேயே கிடக்கிறது. நகராட்சிப் பெரியோர் தம் பங்கிற்கு, மயிலாப்பூரில் பெட்டிகளை ஒப்படைத்துச் செல்ல ஓர் அறையும் தூய்மையான கழிப்பறையும் குடிநீரும் அமைத்துத் தந்தால் போதும். தொடர்வண்டி நிலையங்களில் பொருள் காப்பறைகள் இருக்கின்றன. ஆனால் மயிலாப்பூரைக் காண விரும்புவோர் முதலில் எழும்பூருக்கோ சென்ட்ரலுக்கோ சென்று மீள்வதென்றால் பகலில் பாதி போய்விடும்.

வருவோர்க்கும் ஒரு சொல். மூன்று இடங்களையும் ஒரே நாளில் முடிக்க முயல வேண்டா. நண்பகல் வெயிலைத் தியாகராய நகரின் கடைகளுக்குக் கொடுங்கள். மாலையை மயிலைக்கோ அடையாற்றுக் கடற்கரைக்கோ, இரண்டில் ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள். பங்குனியில் அறுபத்து மூவர் உலா வரும் நாளில் மட்டும் பெட்டியோடு மயிலாப்பூர்ப் பக்கம் செல்ல வேண்டா. அன்று மாட வீதிகளில் வண்டி நுழையாது. கையை வீசி நடக்கத் துணிந்தவர் தாராளமாகப் போகலாம். ஆனால் ஊர் திரும்பும் சீட்டை மறுநாளைக்கு எடுத்துக்கொள்வது நல்லது.