தம்மவரை இகழலாமா?

ஊர் திரண்டு ஒன்றைக் காணும் இடங்களுள் ஆடுகளமும் ஒன்று. அங்கே இருபத்திருவர் ஓடியாடிப் பந்தை உதைக்கின்றனர். சுற்றிலும் அமர்ந்துள்ள பல்லாயிரவர் அவர்தம் வெற்றியைத் தம் வெற்றியாகவும், அவர்தம் தோல்வியைத் தம் தோல்வியாகவும் கொள்கின்றனர். ஆயினும், தாம் போற்றும் அணி தடுமாறும்பொழுது அவ்வணியை நோக்கியே ஊளையிட்டு இகழும் வழக்கம் பல நாடுகளில் காணப்படுகின்றது. எதிரணியை இகழ்வதே பண்பன்று என்பர் பெரியோர். அவ்வாறாயின், தம் அணியைத் தாமே இகழ்வது தகுமோ? மாணவர்களே! இவ்வினாவை நடுநிலையோடு ஆராய்வோம்.

இகழ்வது தகும் என்பார் கூறும் காரணங்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. “உழைத்து ஈட்டிய பொருளைக் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்குகிறோம். வெயிலிலும் மழையிலும் காத்திருக்கிறோம். ஆட்டக்காரர் பெறும் ஊதியமோ பெரிது. அவர்கள் சோர்ந்து ஆடினால் எங்கள் மனக்குறையை வேறு எவ்வாறு தெரிவிப்பது? எப்பொழுதும் கைதட்டுவோர் அன்பர் அல்லர், முகத்துதி செய்வோரே ஆவர்” என்பது அவர்தம் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. நட்பின் கடமைகளுள் இடித்துரைத்தலும் ஒன்று எனத் திருக்குறளும் வற்புறுத்துகின்றது. ஆனால், இடித்துரைத்தல் வேறு. இகழ்ந்து கூவுதல் வேறு. முன்னது பிறரைத் திருத்தக் கருதுவது. பின்னது தன் சினத்தைத் தணித்துக்கொள்ளக் கருதுவது. முன்னதில் பொருளுடைய சொல் உண்டு. பின்னதில் ஓசை மட்டுமே உண்டு.

அவ்வோசை ஆட்டக்காரனை என்ன செய்கின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். கால்பந்தாட்டம் துணிவை வேண்டும் ஆட்டம். எதிரிகள் இருவருக்கிடையே பந்தைச் செலுத்துபவன், அது தடுக்கப்படலாம் என்பதை அறிந்தே செலுத்துகின்றான். தொலைவிலிருந்து கோலை நோக்கி உதைப்பவன், பந்து மேலே பறந்துவிடலாம் என்பதை அறிந்தே உதைக்கின்றான். ஒரு பிழைக்கு ஊரே ஊளையிடும் என்று அவன் அஞ்சத் தொடங்கினால், முன்னோக்கிச் செல்லவேண்டிய பந்து பின்னோக்கிச் செல்லும். பந்து தன்னிடம் வாராதிருத்தலே நன்று என எண்ணுபவன் எங்ஙனம் வெற்றி தேடித் தருவான்? தம் அணி அஞ்சி ஆடுகின்றது என்று சினந்து கூவுவோர், அவ்வச்சத்தையே மேலும் வளர்க்கின்றனர்.

பிரேசில், கால்பந்தைத் தன் உயிரெனக் கருதும் நாடு. 2013ஆம் ஆண்டு அந்நாட்டில் நடைபெற்ற கூட்டமைப்புகள் கோப்பையின் இறுதியாட்டத்தில், ஸ்பெயின் அணிக்கு எதிராக ஃபிரெட் என்னும் வீரர் இரண்டு கோல்கள் அடித்தார். மரக்கானா அரங்கு அவரைப் புகழ்ந்து ஆர்ப்பரித்தது. மறு ஆண்டு, 2014 ஜூலைத் திங்கள் 8ஆம் நாள், பெலோ ஹொரிசோன்டே நகரில் உலகக் கோப்பையின் அரையிறுதி ஆட்டம் நிகழ்ந்தது. செர்மனி அணி முதல் அரைமணி நேரத்திற்குள் ஐந்து கோல்கள் அடித்துவிட்டது. பிரேசில் மக்கள் தம் வீரரையே இகழ்ந்து கூவினர். ஃபிரெட்டின் காலில் பந்து பட்டபோது ஏளனக் குரல் எழுந்தது. அவரோ முன்களத்தில் நின்று ஆடுபவர். கோல்கள் விழுந்ததோ பின்களத்தில்! கூவியதனால் பயன் யாது? அதன் பின்னரும் இரண்டு கோல்கள் விழுந்தன. பிரேசில் 7–1 என்ற கணக்கில் தோற்றது. அவ்வுலகக் கோப்பையோடு ஃபிரெட் நாட்டணியினின்றும் விலகினார்.

அந்நாட்டில் இதனினும் துயரமான வரலாறு ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டு உலகக் கோப்பையில், உருகுவே நாட்டோடு சமநிலை எய்தினாலே போதும் என்னும் நிலையில் பிரேசில் களம் இறங்கி, 2–1 என்ற கணக்கில் தோற்றது. பழியெல்லாம் கோல்காப்பாளர் பார்போசாவின் தலைமீது விழுந்தது. 2000ஆம் ஆண்டில் அவர் மறையும்வரை அப்பழி அவரை விட்டு நீங்கவில்லை. தம் நாட்டுச் சட்டத்தில் முப்பது ஆண்டுகளே உச்சத் தண்டனையாயிருக்க, தமக்கு மட்டும் அது ஐம்பது ஆண்டுகளாக நீண்டதே என்று அவர் வருந்தினார் என்பர். ஓர் ஆட்டத்தின் ஒரு நொடிக்கு ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதும் ஈடாகுமோ?

இனி, இதற்கு மாறான காட்சி ஒன்றைக் காண்போம். 2005ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், துருக்கியின் இஸ்தான்புல் நகரில் ஐரோப்பியக் கழகங்களுக்கான கோப்பையின் இறுதியாட்டம். இங்கிலாந்தின் லிவர்பூல் அணி, இத்தாலியின் மிலான் அணியிடம் இடைவேளைக்குள் மூன்று கோல்கள் வாங்கிவிட்டது; தான் ஒன்றும் அடிக்கவில்லை. இகழ்வதற்கு இதனினும் தக்க பொழுது வேறு உண்டோ? லிவர்பூல் அன்பர்களோ இகழவில்லை. தம் கழகத்திற்குரிய பாட்டை அரங்கு அதிரப் பாடினர். இடைவேளைக்குப் பின் அவ்வணி ஆறே நிமிடங்களில் மூன்று கோல்கள் அடித்துச் சமன் செய்தது. பின்னர்ப் பெனால்டி உதைகளில் வென்று கோப்பையைக் கொண்டது. பாட்டு ஒன்றே வெற்றி தந்தது என்று கூறேன். பயிற்சியாளர் இடைவேளையில் செய்த மாற்றமும், வீரர்தம் திறனும் அதற்குக் காரணமாம். ஆயினும், துணிந்து ஆடுவதற்கு அப்பாட்டு இடந்தந்தது, ஊளை இடந்தாராது.

இவ்வளவும் கூறும் நானும் ஒருகால் தவறியவனே. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளியின் அணி, அண்டை ஊர்ப் பள்ளியோடு ஆடியது. நம் கோல்காப்பாளனாகிய சிறுவன் எளிய பந்தொன்றைக் கைநழுவ விட்டான். மாணவர்கள் ஊளையிட்டனர். அவர்களை அடக்கவேண்டிய நானோ, “கையில் என்ன வெண்ணெயா தடவியிருக்கிறாய்?” என்று உரக்கக் கூவினேன். எல்லோரும் நகைத்தனர். மறுநாள் முதல் அவன் ஆடுகளத்திற்கு வரவில்லை. அழைத்தேன், “படிக்க வேண்டும் ஐயா” என்று தலைகுனிந்து கூறிச் சென்றான். இலக்கணப் பிழையைத் தனியே அழைத்துத் திருத்தும் வழக்கமுடைய நான், ஆட்டப் பிழையை மட்டும் ஊரறிய நகையாடினேன். அச்சிறுவனின் குனிந்த தலை இன்றும் என் கண்முன் நிற்கின்றது.

அவ்வாறாயின், குறை கண்டவிடத்து வாய்மூடி இருத்தல்தான் கடமையோ? அன்று. குறையை உரைக்க இடமும் காலமும் உண்டு. உரைக்கத்தக்க ஆளும் உண்டு. 2016ஆம் ஆண்டு, லிவர்பூல் கழகத்தின் உரிமையாளர் நுழைவுச்சீட்டின் உச்ச விலையை 77 பவுண்டாக உயர்த்த முற்பட்டனர். அன்பர்கள் வீரரை இகழவில்லை. ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் பல்லாயிரவர் எழுந்து அரங்கைவிட்டு வெளியேறினர். சில நாட்களில் உரிமையாளர் அம்முடிவைக் கைவிட்டு வருத்தமும் தெரிவித்தனர். யாரிடம் குறையோ அவரிடமே அது சென்று சேர்ந்தது. ஆதலின் பயன் விளைந்தது.

நம் நாட்டு நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. 2018ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் மும்பையில் இந்திய அணி சீனத் தைபே அணியை 5–0 என்ற கணக்கில் வென்றது. அதனைக் காண வந்தோர் ஏறத்தாழ 2,500 பேரே. மறுநாள் அணித்தலைவர் சுனில் சேத்ரி, வைவதாயினும் குறை கூறுவதாயினும் அரங்கிற்கு வந்து செய்யுங்கள் என்று மக்களை வேண்டினார். அடுத்த ஆட்டத்திற்கு அரங்கு நிரம்பியது. கென்யாவை இந்தியா 3–0 என்ற கணக்கில் வென்றது. அவர் வேண்டுகோளை இகழ்வதற்குத் தந்த உரிமை எனக் கொள்ளுதல் பிழை. வெற்றிருக்கைகளின் முன் ஆடுவது வசையினும் கொடிது என்னும் ஏக்கமே அதில் ஒலித்தது. உடனிருந்து உரைக்கும் குறையை வீரர் பொறுப்பர். உறவை அறுத்துக்கொண்டு எழுப்பும் கூச்சலே அவரை வாட்டும்.

மாணவர்களே! நாளை உங்கள் பள்ளி அணியும் ஆடும். உங்கள் தோழன் ஒருவன் எளிய கோலைத் தவறவிடுவான். அப்பொழுது ஊளையிட உங்கள் வாய் துடிக்கும். ஆட்டம் முடியும்வரை அவனுக்கு ஊக்கம் அளியுங்கள். முடிந்தபின் அவனைத் தனியே கண்டு, கால் எங்கே பிழைத்தது என்பதைச் சொல்லுங்கள். அவன் முயலாமலே நின்றிருந்தால், அதனையும் ஒளிக்காமல் கடிந்து கூறுங்கள். ஆனால், மறுநாள் மாலை அவன் மீண்டும் களத்திற்கு வருமாறு கூறுங்கள்.