எலிக்கு வரப்பு எல்லையல்ல

நெல் பால் பிடிக்கும் பருவத்தில் எலி செய்யும் நாசத்தை விவசாயத் தொழிலாளிக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அரிவாளால் சாய்வாக வெட்டிப் போட்டதுபோல் தூர் தூராகப் பயிர் சாய்ந்து கிடக்கும். எலி தின்றது கொஞ்சம், வெட்டிப் போட்டதே அதிகம். அதன் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால்தான் அது பிழைக்க முடியும். போதாக்குறைக்கு, வெட்டிய கதிரை வளைக்குள் இழுத்துச் சென்று சேர்த்தும் வைக்கிறது.

இந்த நஷ்டம் யார் தலையில் விடிகிறது? கண்டுமுதல் குறைந்தால் குத்தகை விவசாயி கடனாளியாகிறான். அறுப்புக் கூலி குறைகிறது. அரிசி விலை ஏறினால் ஆலைத் தொழிலாளியின் சம்பளம் மாதக் கடைசிவரை தாங்குவதில்லை. ஆகவே எலி ஒழிப்பு நிலக்காரரின் சொந்த விவகாரம் என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது.

எலியின் சூல் காலம் சுமார் 3 வாரம். ஓர் ஈற்றில் ஆறேழு குட்டிகள் என்பது சாதாரணம். சில மாதங்களில் அந்தக் குட்டிகளும் ஈனத் தொடங்கிவிடும். கதிர் திரளும் காலமே வயல் எலி பெருகும் காலம். அந்த நேரத்தில் விழித்துக்கொண்டு ஒருவர் தன் வயலில் மட்டும் மருந்து வைப்பதால் என்ன பயன்? பக்கத்து வரப்பிலிருந்தும் வாய்க்கால் கரையிலிருந்தும் புதிய எலிகள் வந்து காலியான வளைகளில் குடியேறுகின்றன. பட்டா, சர்வே எண், எல்லைக்கல் எதுவும் எலிக்குத் தெரியாது.

மருந்து என்று சொல்லப்படுவது விஷம் என்பதையும் மறந்துவிடக்கூடாது. துத்தநாக பாஸ்பைடு வயிற்று அமிலத்தில் பட்டு நச்சு வாயுவாகிக் கொல்கிறது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து ஈரம் பட்டாலே அதே வாயு கிளம்பும். அதற்கு முறிமருந்து கிடையாது. இதைப் பொரியிலும் குருணையிலும் கலப்பது யார் கை? வளைக்குள் மாத்திரை போடுவது யார்? நிலக்காரர் கரையில் நிற்கிறார். கையுறையும் முகமூடியும் இல்லாமல் குனிவது கூலியாள். வயல் எலியைப் பிடித்துச் சமைத்து உண்ணும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. எந்த வயலில் விஷம் வைத்தார்கள் என்று அவர்களுக்குச் சொல்லாமல் விடுவது பெரும் குற்றம். விஷம் தின்ற எலியைத் தின்னும் ஆந்தைக்கும் நாய்க்கும் ஆபத்து உண்டு. எலியைத் தின்று நமக்கு உதவும் ஆந்தையை நாமே கொன்றால் லாபம் எலிக்குத்தான்.

சேற்றில் நிற்பவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அது கால் வெடிப்பு வழியாகவும் புண் வழியாகவும் உடலில் புகுகிறது. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். முற்றினால் கல்லீரலும் சிறுநீரகமும் கெடும். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும் நோய்தான் இது. ஆனால் ஒரு நாள் கூலியை இழக்க அஞ்சி, கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நாள் கடத்துகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

எலி பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. தஞ்சாவூர்க் கிட்டி என்ற மூங்கில் பொறியை வரப்பு வரப்பாக வைத்து, பிடிபட்ட எலிக்கு இத்தனை என்று கூலி வாங்கும் உழைப்பாளிகள் காவிரிப் பாசனப் பகுதியில் உண்டு. வட மாவட்டங்களில் இருளர் மக்கள் வளையின் வாயைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா, பாம்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். மண்பானையில் வைக்கோலைக் கனல விட்டு, வாயால் ஊதி வளைக்குள் புகை செலுத்துவது அவர்களது பழைய முறை. அதில் கை சுடும், புகை நெஞ்சில் ஏறும். கையால் சுழற்றும் இரும்புப் புகைப்பான் பின்னால் வந்தது. கருவி கிடைத்த இடத்தில் வேலை எளிதாயிற்று. ஆனால் எலியைத் தொடும் வேலை என்று இழிவாகப் பேசும் வாய்கள் மட்டும் அடங்கவில்லை. பயிரைக் காப்பாற்றும் தொழிலாளியை இழிவு செய்வது எந்த ஊர் நியாயம்?

எலி விஷயத்தில் சர்க்கார் அலட்சியம் காட்டினால் எங்கே போய் முடியும் என்பதற்கு மிசோ மலைநாட்டின் அனுபவம் சாட்சி. அங்கே சுமார் 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மூங்கில் காடு முழுவதும் பூத்துக் காய்க்கிறது. அந்தக் காயைத் தின்று பெருகும் எலிகள், காய் தீர்ந்ததும் வயலில் இறங்குகின்றன. இதை அறிந்த மலைமக்களின் மாவட்ட கவுன்சில் 1958லேயே எச்சரித்து, 15 லட்சம் ரூபாய் உதவி கேட்டது. அன்றைய அசாம் சர்க்கார் மறுத்துவிட்டது. 1959ல் பஞ்சம் வந்தது. பஞ்ச நிவாரணத்துக்கென்று 1960ல் தோன்றிய அமைப்பு 1961ல் அரசியல் கட்சியாக மாறியது, 1966ல் ஆயுதக் கலகம் மூண்டது. சமாதான உடன்பாடு ஏற்பட 1986 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அனுபவசாலிகளான ஏழை மக்களின் எச்சரிக்கையை மூடநம்பிக்கை என்று தள்ளியதற்கு ஒரு தலைமுறையே விலை கொடுத்தது.

ஆஸ்திரேலியாவின் முயல் கதையும் படிப்பினைதான். 1859ல் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலப்பிரபு வேட்டை விளையாட்டுக்காக இங்கிலாந்திலிருந்து சுமார் இரண்டு டஜன் முயல்களைத் தருவித்தார். ஒரு சீமானின் பொழுதுபோக்கு ஒரு கண்டத்தின் விவசாயத்துக்கே சாபமாயிற்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை 1,800 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு வேலி போட்டார்கள். முயல் வேலியைத் தாண்டிவிட்டது. 1950ல் நோய்க்கிருமியைப் பரப்பினார்கள். ஏராளமாகச் செத்தன, ஆனால் தப்பியவை நோயைத் தாங்கும் சக்தி பெற்று மீண்டும் பெருகின. ஒரே வேலி, ஒரே மருந்து என்று நம்பி உட்கார்ந்தால் இதுதான் கதி.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? கோடையில் வயல் காய்ந்து கிடக்கும்போது எலிகள் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஒதுங்கியிருக்கின்றன. தண்ணீர் வருமுன், ஒரே வாரத்தில், ஊர் முழுவதும், பெரிய நிலம் சிறிய நிலம் என்ற பேதமின்றி வேலை நடக்க வேண்டும். மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் அடைத்து, மறுநாள் திறந்திருப்பவற்றை மட்டும் தோண்டினால் வீண் உழைப்பு மிச்சம். வரப்பைச் சிறிதாக்கிப் புதரை அகற்ற வேண்டும். ஆந்தை வந்து உட்கார வயலில் குச்சி நட வேண்டும். கிட்டியும் புகையும் முதலில், விஷம் கடைசியில்.

இது தனியொருவரால் ஆகிற காரியமல்ல. எனவே நாம் கோருவது இது: எலி ஒழிப்பை ஊராட்சியின் பொதுப்பணியாக நடத்த வேண்டும். கிட்டிக்காரருக்கும் இருளருக்கும் எலிக்கணக்கில் பிச்சைக்காசு போடாமல் நாட்கூலி தர வேண்டும். விஷம் கையாளுவோருக்குக் கையுறை, முகமூடி, பயிற்சி தராமல் அந்த வேலையைச் சுமத்தக்கூடாது. விஷம் வைத்த வயலில் அறிவிப்புக் கொடி கட்ட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் எலிக்காய்ச்சலுக்கு மருந்து எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். வளையில் கிடைக்கும் நெல் தோண்டியவருக்கே சேர வேண்டும்.

தோழர்களே, அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். வருகிற கோடையில் மண்வெட்டி ஒரு வயலோடு நிற்காமல் ஊர் எல்லை வரை போகட்டும்.