தொட்டில் வைத்தவர்கள் கட்டிலும் போடட்டும்

1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிய இடம் சேலம் மாவட்டம். பெண் சிசுக்கொலைக்குப் பேர்போன பகுதி என்பதுதான் காரணம். 'கொன்றுவிடாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ' என்று பெற்றவளிடம் சொன்னது அரசு. அதனால் உயிர்கள் பிழைத்தன, மறுக்கவில்லை. ஆனால் தன் பிள்ளையைத் தானே வளர்க்க அவளுக்கு என்ன வேண்டும் என்று அந்தத் தொட்டில் கேட்கவில்லை. குழந்தை காப்பாற்றப்பட வேண்டிய உயிர். தாய் அந்த உயிருக்கு ஆபத்து, அல்லது அதைக் கொண்டுவந்து சேர்க்கும் கை. இந்தப் பார்வை இன்னும் போகவில்லை. அதைக் காண வேண்டுமென்றால் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருக்கும் வராண்டாவுக்குப் போனால் போதும்.

ஏழாம் மாதத்தில் ஒரு கிலோ எடையோடு பிறக்கும் குழந்தை இன்று பிழைத்து வீடு திரும்ப முடிகிறது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2022இல் நாமக்கல்லுக்கும் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ பிறந்து மூச்சுத் திணறும் குழந்தையை ஏற்றிச் செல்ல 108 வருகிறது. எல்லாம் நம் வரிப்பணத்தில் வந்த நன்மைகள். 'குழந்தையைப் பெட்டியில வெச்சிருக்காங்க' என்று ஊரில் சொல்வோம். முப்பது நாள், நாற்பது நாள், சிலருக்கு அதற்கும் மேல். அத்தனை நாளும் அதைப் பெற்றவள் எங்கே இருக்கிறாள்?

வராண்டாவில், பாய் விரித்து. அறுவைசிகிச்சைத் தையல் ஆறாத வயிற்றோடு தரையில் எழுந்து உட்காருகிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சிக் கொடுக்கிறாள். இரவும் பகலும் சேர்த்து நாளுக்குப் பன்னிரண்டு முறை. உள்ளே போய்ப் பாலாடையால் புகட்டச் சொன்னால் புகட்டுகிறாள். மற்ற நேரம் கதவுக்கு வெளியே. 'இன்னாரோட அம்மா யாரு?' என்று கூப்பிட்டால் ஓடுகிறாள். எந்தப் பரிசோதனைக்கு, என்ன மருந்துக்கு என்று விளக்கம் கிடைப்பது பெரும்பாலும் கணவனுக்கு, கையெழுத்தும் அவனிடம்தான். இது ஓர் ஊரின், ஒரு மருத்துவமனையின் குறை அல்ல. அரசோ தனியாரோ, நாட்டின் பெரும்பாலான இடங்களில் இதுதான் வழக்கம்.

வழக்கத்துக்கு ஒரு காகிதம் இருக்கும். 2011இல் மத்திய அரசு கொண்டுவந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தை எடுத்துப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் பிரசவித்தவளுக்கு இலவச உணவு உண்டு: சுகப்பிரசவம் என்றால் 3 நாள், அறுவைசிகிச்சை என்றால் 7 நாள். நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து இலவசம். அந்தக் குழந்தைக்குப் பால் கொடுக்க நாற்பது நாள் தங்கியிருப்பவளின் சோறு எந்தப் பட்டியலிலும் இல்லை. அவள் பாலை மருத்துவம் மருந்து என்கிறது. அந்த மருந்து ஊறும் உடலுக்குச் சாப்பாடு யார் பொறுப்பு என்றால் பதில் இல்லை. நல்ல மனம் உள்ள மருத்துவமனை போடலாம், ஊரிலிருந்து யாராவது தூக்குப்போசியில் கொண்டுவரலாம். உரிமையாக எழுதப்படவில்லை.

கூலிக்கு வருவோம். மகப்பேறு நலச் சட்டம் 1961இல் வந்தது. 2017 திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது. குறைப்பிரசவத்தால் பெண் நோயுற்றால் மேலும் ஒரு மாதம் உண்டு. கவனியுங்கள், நோயுற வேண்டியது பெண். குழந்தை நோயுற்றால் அந்தப் பிரிவில் இடமில்லை. அதுவும் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும், பதிவேடு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுகிறவளுக்கு, சேலத்தில் வீட்டுத் திண்ணையில் கொலுசுக்குப் பற்றவைக்கிறவளுக்கு, ஜவ்வரிசி ஆலையில் கிழங்குத் தோல் உரிக்கிறவளுக்கு, நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவளுக்கு எந்தப் பதிவேடு? தறிப்பட்டறையில் முன்பணம் வாங்கியிருந்தால் அவள் வராண்டாவில் இருக்கும் ஒவ்வொரு நாளும் கடன் கழியாத நாள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் குழந்தை மூன்றாம் நாள் வீடு திரும்பினாலும் நாற்பது நாள் பெட்டியில் இருந்தாலும் அதே 18,000தான்.

இந்தக் கணக்குகளை மறைக்கும் போர்வைதான் தாய்மைப் புகழ்ச்சி. 'பெத்த மனசு பாருங்க, பச்சத்தண்ணி குடிக்காம கெடக்குது' என்று மெச்சுவார்கள். பட்டினி கிடக்கிறவளை மெச்சினால் சோறு போட வேண்டியதில்லை. புகழும் அதே வாய்தான் விசாரணையும் நடத்தும்: 'ஏனம்மிணி, மாசமா இருக்கறப்ப பப்பாளி கிப்பாளி தின்னியா? கிரகணத்தன்னிக்கு வெளிய போனியா?' ரத்த அழுத்தமோ, கிருமித்தொற்றோ, நின்றபடி பார்த்த பத்து மணி நேர வேலையோ காரணமாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. பெட்டியில் இருப்பது பெண் என்றால் இன்னொரு கேள்வியும் வரும்: 'இத்தனை செலவு பண்ணணுமா?' அதற்குப் பதில் சொல்ல வேண்டியவளும் பாயில் படுத்திருப்பவள்தான்.

மருத்துவ அறிவியல் என்ன சொல்கிறது? 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஓர் அரசு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு தொடங்கியது. 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் நடந்த ஆய்வு வெளியானது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஆகிய ஐந்து நாட்டு மருத்துவமனைகள். நம் நாட்டிலிருந்து டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டு, பிறந்தவுடனே குழந்தையை அவளோடு சேர்த்து வைத்தார்கள். வழக்கமான முறையில் 28 நாளுக்குள் இறந்த குழந்தைகள் 15.7 சதவீதம், தாயோடு இருந்தவர்களில் 12 சதவீதம். இறப்பில் நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

'உள்ளே விட்டால் தொற்று வருமே' என்பார்கள். அதே ஆய்வில், தொற்று இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட குழந்தைகளும் தாயோடு இருந்தவர்களில்தான் குறைவு. 'இடமில்லையே' என்பார்கள். சப்தர்ஜங் மாளிகையல்ல, நெரிசல் மிகுந்த அரசு மருத்துவமனை. 'செவிலியர்கள் எப்படிச் சமாளிப்பார்கள்?' என்பது நியாயமான கேள்வி. தொகுப்பூதியத்தில் அவர்களைக் கசக்கிப் பிழிவதும் இதே அரசுதான். வராண்டாப் பெண்ணும் வார்டுச் செவிலியும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும்வரை ஆட்பற்றாக்குறைக்குக் காரணமானவர்களுக்குக் கவலையில்லை.

அப்பாக்களையும் விட்டுவிட முடியாது. டீக்கடை வாசலில் நின்று 'என்ன சொன்னாங்க?' என்று கேட்பது பராமரிப்பு அல்ல. ஆணின் மார்பிலும் சூடு உண்டு. கங்காரு பராமரிப்பை அவனும் செய்யலாம். குடும்பத்தாரைப் பயிற்சி கொடுத்து உள்ளே விட வேண்டும் என்று 2017இல் மத்திய சுகாதார அமைச்சகமே வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் தனியார் துறையில் தந்தைக்கு விடுப்பு கொடுக்க நம் நாட்டில் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல், பச்சிளங்குழந்தை மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் தாய்க்கும் தந்தைக்கும் தலா 12 வாரம்வரை தனி விடுப்பு உண்டு.

நாம் கேட்பது கருணையல்ல. சிகிச்சைப் பிரிவுக்குள் அவளுக்கு ஒரு கட்டில். குழந்தை இருக்கும் கடைசி நாள்வரை மூன்று வேளை உணவு. இழந்த ஒவ்வொரு நாளுக்கும் கூலி, பதிவேடு இல்லாதவளுக்கும். தன் குழந்தைக்கு என்ன நடக்கிறது என்பதை அவள் மொழியில் அவளிடமே சொல்லும் மருத்துவர். முடிவில் அவள் கையெழுத்து. அவள் பாலும் உடற்சூடும் சிகிச்சை என்றால், அவள் பார்வையாளர் அல்ல. அந்தப் பிரிவில் இரவும் பகலும் வேலை செய்பவள். வேலை செய்பவளுக்கு இடமும் சோறும் கூலியும் கொடுப்பதுதான் முறை.