உதய்ப்பூரில் ஒரு சின்ன மேடை

உதய்ப்பூருக்குப் போகிற எல்லாரும் ஒரே படத்தைத்தான் எடுத்துக்கொண்டு வருவார்கள். பிச்சோலா ஏரி, நடுவில் மிதக்கிற மாதிரி ஒரு வெள்ளை அரண்மனை, பின்னால் ஆரவல்லி மலை. நானும் எடுத்தேன். வடிவான படம், பொய் சொல்லக்கூடாது.

அந்த அரண்மனை இரண்டாம் ஜகத் சிங் 1740களில் கட்டினது. இப்ப ஆடம்பர ஹொட்டேல். 1983இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் படத்திலும் இருக்கிறது. கரையில் உள்ள பெரிய அரண்மனை இப்ப அருங்காட்சியகம். உள்ளே கண்ணாடி மயில்கள், வாள்கள், ராணா பிரதாப்பின் கதை, யாருக்குப் பிறகு யார் ஆண்டார் என்ற வரிசை. வெளியே வரும்போது, இந்த நகரத்தை ராஜாக்கள் மட்டும்தான் கட்டினார்கள் எண்டு நம்பிவிடுவோம்.

படகில் போகும்போதுதான் இன்னொன்றைக் கண்டேன். தண்ணீருக்குள் ஒரு சின்னக் கல்மேடை. 'நட்னி கா சபூத்ரா' என்றார் படகோட்டி. நட்னி என்றால் கயிற்றில் நடக்கிற கூத்தாடிப் பெண். ஒருத்தரும் ஃபோட்டோ எடுக்கவில்லை. படகும் நிற்கவில்லை.

அந்த மேடைக்குப் பின்னால் இருக்கிற கதை இதுதான். 19ஆம் நூற்றாண்டில் ஆண்ட மகாராணா ஜவான் சிங், ஏரிக்கு மேலே கயிற்றில் நடந்து கடந்தால் மேவாரில் பாதியைத் தருவதாக அவளிடம் சொன்னாராம். அவள் நடந்தாள். கரை கிட்ட வரும்போது, பாதி ராச்சியம் கைவிட்டுப் போய்விடுமே எண்டு பயந்து அரசவை ஆள் ஒருவர் கயிற்றை வெட்டிவிட்டார். அரச குலத்துக்கு நேரடி வாரிசு இல்லாமல் போகட்டும் எண்டு சபித்துவிட்டு அவள் மூழ்கினாளாம். ஜவான் சிங்குக்குப் பிறகு வந்தவர்களில் பலர் தத்தெடுக்கப்பட்டவர்கள் என்பது மட்டும் வரலாறு.

ஏரிக்கும் ஒரு கதை இருக்கிறது. அது இயற்கையாக வந்த ஏரி இல்லை, அணை கட்டி உண்டாக்கினது. எங்கட பாஷையில் சொன்னால், குளம். 14ஆம் நூற்றாண்டில், மாடுகளில் தானியப் பொதி ஏற்றி ஊர் ஊராகத் திரிந்த ஒரு பஞ்சாரா வணிகர்தான் முதலில் அணை கட்டினார் என்பது மரபு. உதய் சிங் தலைநகரத்தை இங்கே அமைத்தது 16ஆம் நூற்றாண்டில். ஏரியை அவர் பெருப்பித்தார், அது உண்மை. ஆனால் அவர் வரும்போதே தண்ணீர் அங்கே இருந்தது.

'இதெல்லாம் கட்டுக்கதை, ஆதாரம் எங்கே?' எண்டு கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கல்வெட்டு வெட்டவும் ஓவியம் வரைவிக்கவும் ஆள் வைத்திருந்தவர்கள் ராஜாக்கள். மாட்டோடு திரிந்தவனுக்கும் கயிற்றில் நடந்தவளுக்கும் கதையை விட்டால் வேறு என்ன மிஞ்சும்? கதை முழுக்க நடந்ததோ தெரியாது. ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டுக் கயிற்றை வெட்டுவது அதிகாரத்தின் பழக்கம் எண்டு சனம் அறிந்து வைத்திருந்தது. அதுவும் வரலாறுதான்.

இரண்டாயிரங்களின் ஆரம்பத்தில் மழை பொய்த்து பிச்சோலா வற்றிப்போனது. தண்ணீர் இல்லாவிட்டால் அந்த வெள்ளை அரண்மனையும் சேற்று நிலத்தில் நிற்கிற ஒரு கட்டடம்தான். நாங்கள் காசு கொடுத்துப் பார்க்கிற அழகில் பாதி, அந்தப் பஞ்சாராவுக்குச் சேரவேண்டியது.

பின்னேரங்களில் கங்கௌர் படித்துறைக்குப் பக்கத்திலுள்ள பாகோர் ஹவேலியில் டிக்கெட் வைத்து நாட்டார் ஆட்டம் காட்டுகிறார்கள். ஒரு பெண் தலையில் பானைக்கு மேல் பானை அடுக்கி ஆடுவாள். நாங்கள் கைதட்டினோம். வெளியே இருட்டில் அதே ஏரி. எனக்கு அந்த மேடைதான் ஞாபகம் வந்தது.

அரண்மனைகளைப் பார்க்க வேண்டாம் எண்டு நான் சொல்லவில்லை. போங்கோ, வடிவாகப் பாருங்கோ. ஆனால் படகில் ஏறினால் அந்தக் கல்மேடை எங்கே எண்டு படகோட்டியிடம் கேளுங்கோ. கேட்கிற ஆட்கள் கூடினால், ஒருநாள் படகு அங்கேயும் கொஞ்ச நேரம் நிற்கும்.